அடி வாங்குகிற விமானம்

பல்லிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

சுவரில் ஒன்று, உத்தரத்தில் ஒன்று, டியூப்லைட் பட்டிக்கு மேலே வாலை மட்டும் தொங்கவிட்டுக் கிடக்கும் கிழட்டுப் பல்லி ஒன்று. வழக்கமாக ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு பூச்சிக்குக் காவல் கிடக்கிறவை, அன்று காலையில் மூக்குக்கு முன்னால் ஈசல் ஊர்ந்து போனதைக்கூடக் கண்டுகொள்ளாமல், வேலை மேசையை நோக்கித் தலையைத் தாழ்த்தி ஆணியடித்தது போல இருந்தன.

தவசிமுத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பட்டறையில் எல்லாமே எதையாவது முறைத்துக்கொண்டுதான் இருக்கும். புது வீடுகளுக்கு மாட்டுகிற திருஷ்டி பொம்மை செய்வது அவன் தொழில். ரெசினை அச்சில் ஊற்றி எடுத்த பூத முகங்கள் கோரைப்பல்லும் உருட்டிய விழியுமாகச் சுவர் நிறையத் தொங்கும். அவற்றுக்குக் கீழே, 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைகள் சிரிக்கிற பலகைகள் அடுக்கியிருக்கும். ராஜபாளையத்திலேயே அந்தக் கழுதைகளை அதிகம் பார்த்தவன் அவன்தான். வந்த யோகம், மழைக்கு ஒழுகுகிற இந்தப் பழைய நூல் குடோன். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, வாசலுக்கு ஒரே ஒரு இரும்பு ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை பூதத்துக்குப் பல் ஒட்டுகிறவன் என்று சபையில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. போதகர் கேட்டால், "எல்லாம் பிளாஸ்டிக்தான் ஐயா, இதுக்கு ஆத்துமா கெடையாது" என்பான்.

ஆனால் மேசையில் இருந்தது பூதமல்ல. விமானம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த முன்னாள் ராணுவத்தினர் விழாவில் வைக்க வேண்டுமென்று, ஓய்வுபெற்ற ஹவில்தார் சுப்புராஜ் கேட்ட மாடல் அது. போன வாரம் அவர் ஒரு மங்கலான போட்டோவை மேசையில் போட்டபோது தவசிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. நீண்ட குழல் போன்ற உடம்பு, கட்டைச் சிறகு, அடிவயிற்றில் எஞ்சின். ஓட்டுகிறவன் உட்கார இடமில்லை. கண்ணாடி இல்லை. முகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"இதுல ஆளு எங்க சார் ஏறுவான்?"

"ஆள் கெடையாதுப்பா. கீழ இருந்தே ஓட்டுறது. ஒரிசாக் கடற்கரையில நான் இதோடதான் கெடந்தேன்."

"இம்புட்டுப் பெரிய பட்டாளத்துல இதுக்கு என்ன வேலை?"

"அடி வாங்குறது."

"அம்புட்டுதானா?"

"அவுனு," என்றார் வீட்டுத் தெலுங்கில். "அம்புட்டுதான். நம்ம பயலுக சுட்டுப் பழகணும்ல? இதை ஆகாசத்துல விடுவோம், அவனுக குறி வச்சுச் சுடுவானுக."

"எங்க மாமனார் வீட்டுல எனக்கும் அதே வேலைதான் சார். பெஞ்சன்தான் கெடையாது."

சுப்புராஜ் சிரித்தார். பிறகு, விரல் இரண்டு பாதியில் நின்ற இடது கையால் போட்டோவை மெதுவாகத் தடவினார். "இது மேலயே விழணும்னு இல்ல முத்து. பக்கத்துல போனாப் போதும், அதுக்கே மார்க் உண்டு. முடிஞ்சதும் பாராசூட்ல கடல்ல எறங்கிரும். நாங்க படகுல போய்த் தூக்கிட்டு வந்து, கழுவித் தொடச்சு, மறுபடி ஏத்துவோம். இதுக்கு ஒண்ணும் ஆவாது. பக்கத்துல இருக்கது எதுவோ, அதுக்குத்தான் கேடு."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். நிஜ விமானத்தின் மூக்குக்குள் ஒரு உருண்டை வைத்திருப்பார்களாம். ரேடாரில் கொசு மாதிரித் தெரிய வேண்டிய சாமான், அந்த உருண்டையால் பெரிய சண்டை விமானம் மாதிரித் தெரியுமாம். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குப் பார்வை வேறெங்கும் போகாதாம்.

அச்சு நன்றாகவே வந்தது. கண்ணாடி நாருக்குப் பதிலாக, ஆலையில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியைத்தான் அவன் எப்போதும் ரெசினில் தோய்த்து ஒட்டுவான். காயம் படுவதற்கு முன்னாலேயே கட்டுப் போட்டுக்கொண்டு பிறந்த விமானம் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். ஆனால் ஸ்டாண்டில் வைத்ததும் அது வால் பக்கமாகச் சாய்ந்தது. மூக்குக்குக் கனம் வேண்டும். தேடியபோது கையில் அகப்பட்டது, பொம்மைகளுக்கு வைக்கிற கண்ணாடிக் கண். உருண்டைக்கு உருண்டை, கனத்துக்குக் கனம். சுப்புராஜ் சொன்ன கணக்கும் சரி.

கண் என்பது அவன் தொழிலில் கடைசி வேலை. பொம்மை முழுக்க முடிந்து, வர்ணம் காய்ந்து, வீட்டுக்காரன் வண்டியோடு வந்து நிற்கும்போதுதான் கண்ணை ஒட்டுவான். அதுவும் வெளியே பார்க்கிற மாதிரி. வருகிற பார்வையை அது திருப்பி அனுப்ப வேண்டுமாம், அதில் நம்பிக்கை இருக்கிறவர்கள் சொல்வது. நம்பிக்கை இல்லாத தவசிமுத்து, முதல் தடவையாக ஒரு கண்ணை முதல் வேலையாக வைத்தான். உள்ளே. மூக்கின் குழிக்குள் கறுப்புக் கண்பாப்பா அவனையே பார்த்துக் கிடந்தது. அதன் மேல் ரெசினை ஊற்றினான். தேன் நிறத்தில் மெல்ல மூடியது. கெட்டியாகும்போது எழுகிற சூடு வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாக நினைவு. அதன் மேல் உப்புத்தாள் போட்டு இழைத்து, கண் கூசுகிற ஆரஞ்சு வர்ணத்தை அடித்தான். கை, முழங்கை, சட்டை, மீசை எல்லாம் ஆரஞ்சு. அது நேற்று.

இன்று பல்லிகள்.

மத்தியானம் ஞானபாக்கியம் தூக்குச்சட்டியும் செம்பில் தண்ணீருமாக வந்தாள். வெளியே வானம் மேற்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை, வருவேன் வருவேன் என்று காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கரண்டு போறதுக்குள்ள சாப்புடுங்க. போதகரம்மா கேக்காவ, ஒங்க வீட்டுக்காரர் இன்னமும் பேய்மூஞ்சிதான் செஞ்சிட்டு இருக்காரான்னு."

"ஒங்கண்ணன் படத்தப் பாத்துத்தான் செய்யுதேன்னு சொல்ல வேண்டியதுதான."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எங்கண்ணன் மூஞ்சிக்கு என்ன, அவன்..."

அவள் நிறுத்தினாள்.

தவசிமுத்து குழம்பைக் கிளறிக்கொண்டே மிச்சத் திட்டுக்குக் காத்திருந்தான். பத்து வருஷக் குடித்தனத்தில் அவள் அண்ணனைப் பற்றிய வாக்கியம் எதுவும் பாதியில் நின்றதில்லை. நிமிர்ந்து பார்த்தான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. கோபமில்லை, பயமில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது வைத்திருக்கிற முகம், ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, நாக்கு நுனியைப் பல்லில் கடித்து.

வலது கை உயர்ந்தது. கையில் செம்பு.

"பாக்கியம்?"

செம்பு பறந்தது. விமானத்தின் சிறகோரமாக, ஒரு மயிரிழை தள்ளிப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த அவன் காதைக் கிழித்துச் சுவரில் மோதி உருண்டது. ஸ்டாண்டில் விமானம் ஆடக்கூட இல்லை.

"ஐயோ, ரத்தம்! ஏங்க, காதுல ரத்தம்! என்னாச்சு? நான் என்ன செஞ்சேன்?"

முந்தானையால் காதை அழுத்திக்கொண்டு அவள் அழுகிற அழுகையைப் பார்த்தால், அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது தெரிந்தது.

"செம்பு வழுக்கிருச்சுட்டி. ஈரக் கையி."

"நான் எறிஞ்சேனா?"

"நீ எறிஞ்சு என்னைக்குக் குறி தப்பாம பட்டிருக்கு? போ, வீட்டுக்குப் போ. நான் கூப்புடாம வராத."

"மழ வந்துட்டா?"

"வந்தாலும்."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். விமானத்தை அல்ல, அவனை. அதனால் அவனுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

அவள் தெருமுனை திரும்பியதும், தோட்டத்து வீட்டுக்காரர்கள் வளர்க்கிற வெள்ளை நாய் வந்து வாசலில் நின்றது. ராஜபாளையத்து நாய்க்கே உரிய ரோஸ் மூக்கு, நெட்டைக் கால், காரணமில்லாமல் ஒருவனையும் மதிக்காத தோரணை. அது குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி உள்ளே பார்த்தது. அதற்குப் பின்னால், ரோட்டுக்கு எதிர்ப்புறம், டீக்கடைப் பிச்சை முகம்மது பால் சட்டியின் முன்னால் நின்றான். பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் விழுந்து, தீய்ந்த நாற்றம் ரோட்டைக் கடந்து வந்தது. ஒரு சொட்டுப் பால் வீணானால் ஊரைக் கூட்டுகிற பிச்சை முகம்மது, கரண்டியைப் பிடித்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். மின்கம்பியில் காக்கைகள். அத்தனை அலகும் இந்தப் பக்கம்.

தவசிமுத்து யோசிக்கவில்லை. எழுந்து ஷட்டரை இழுத்து இறக்கி உட்பக்கம் பூட்டினான். பார்க்கிற கண்ணுக்கு முன்னால் கதவைச் சாத்துவதுதான் யாரும் செய்கிற காரியம். உள்ளே யாரோடு மாட்டிக்கொள்கிறோம் என்பதைப் பிறகுதான் யோசிப்பார்கள்.

மழை இறங்கியது. தகரத்தில் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. ஷட்டர் மூடியதும் ரெசின் நாற்றம் எழும்பியது. இனிப்பும் காரமுமான அந்த வாடை, தினமும் முகர்ந்து பழகியதுதான், ஆனால் இன்று நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே கெட்டியாகிறது போல இருந்தது. தவசிமுத்து சுத்தியலை எடுத்தான்.

"சுப்புராஜ் சார், மன்னிச்சுக்கிடுங்க. கழுத வேணும்னா ரெண்டு தாரேன்."

ஓங்கி அடித்தான். மேசையில் விழுந்தது. சிறகிலிருந்து ஒரு விரல் தூரம். மறுபடி அடித்தான். மேசைதான். வருஷக்கணக்காக ஆணி அடிக்கிற கை. இடது கையால் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, மூக்கின் மேலேயே சுத்தியலை இறக்கினான். சுத்தியல் சரியாகத்தான் இறங்கியது. கடைசி நொடியில் அவன் கையே அதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனது. கட்டைவிரல் நகத்துக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

அவன் உட்கார்ந்துவிட்டான். விரல் வீங்குவதைப் பார்த்தான். பாதியில் நின்றுபோன விரல்களால் போட்டோவைத் தடவிய சுப்புராஜ் என்ன சொன்னார்? அதற்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருக்கிறது எதுவோ.

சரி. உடைக்க முடியாது. மறைக்கலாம். மூலையில் கிடந்த பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்து விமானத்தைச் சுற்றினான். மூக்கு, சிறகு, வால், மறுபடி மூக்கு. ஆரஞ்சு மங்கி, மறைந்து, கடைசியில் கைக்குழந்தையைப் பொதிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டலம். அதைத் தூக்கிப் போய் மூலையில் ரெசின் டிரம்முக்குப் பின்னால் வைத்து, மேலே சாக்கையும் போட்டான். திரும்பி வந்து, மூச்சு வாங்க, பல்லிகளைப் பார்த்தான்.

அவை மூலையைப் பார்க்கவில்லை.

மேசையையும் பார்க்கவில்லை.

அவன் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தான். சுவர்ப் பல்லியின் தலை நகர்ந்தது. வலது பக்கம் வந்தான். உத்தரத்துப் பல்லியின் தலை. டியூப்லைட்டுக்கு மேலே இருந்த கிழட்டுப் பல்லி இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கழுத்தை வளைத்தது.

தவசிமுத்து தன் கைகளைப் பார்த்தான். ஆரஞ்சு. முழங்கை வரை ஆரஞ்சு. சட்டையைக் கழற்றி எறிந்தான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தான். தோல் எரிந்தது. வர்ணம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க, வர்ணத்துக்குக் கீழேயும் அதே வர்ணம் இருக்கிற மாதிரி இருந்தது.

கூரையில் ஏதோ விழுந்தது. மழையல்ல. மெத்தென்று, கனமாக. மறுபடி. சிறகடிப்பு, வழுக்கல், பிறகு ஒன்றுமில்லை. காக்கைகள். ஒன்றன்பின் ஒன்றாக, அவன் தலைக்கு நேர் மேலே. அவன் நகர்ந்தான். சத்தமும் நகர்ந்தது.

வெளியே போக வேண்டும். மழையில் ஓடினால் கண்மாய் வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஷட்டரின் பூட்டை எடுத்துக் குனிந்து கைப்பிடியைப் பிடித்த நேரத்தில், வெளியே இருந்து பெரிதாக எதுவோ வந்து ஷட்டரில் மோதியது. இரும்பு அவன் முகத்துக்கு அருகே உள்ளே குழிந்தது. மறுபடி மோதியது. அம்மிக்கல்லாக இருக்க வேண்டும். டீக்கடை வாசலில் பிச்சை முகம்மது உட்காரப் போட்டிருக்கும் அம்மிக்கல்.

"பிச்ச! ஏலே பிச்ச! நான்தாம்லே!"

பத்து வருஷமாகக் கடன் சொன்னாலும் முகம் சுளிக்காமல் டீ கொடுத்தவன். மூன்றாவது அடியில் ஷட்டர் பட்டி தடத்தைவிட்டு விலகிக் கோணியது. இழுத்தான். தூக்கினான். தோளைக் கொடுத்து முட்டினான். அடியில் ஒரு சாண் இடைவெளியோடு சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

விளக்கு அணைந்தது.

கரண்டு போனதும் ஆலைகளின் இரைச்சலும் நின்றது. மழை மட்டும். இருட்டில் ரெசின் வாடை இன்னும் அடர்த்தியாக இருந்தது. தீக்குச்சி உரச முடியாது. டிரம்மில் இருப்பதற்கு ஒரு பொறி போதும். ஷட்டருக்கு அடியிலிருந்து மழைநேரத்துச் சாம்பல் வெளிச்சம் ஈரத்தரையில் ஒரு கோடாக விழுந்தது. தவசிமுத்து அந்தக் கோடு படாத சுவர் மூலைக்குப் போய்க் குந்தினான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். அந்த இருட்டிலும் அவன் கைகள் தெரிந்தன. மங்கலாக. ஆரஞ்சாக.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நகங்கள் நகர்கிற ஓசை. பக்கத்தில் வந்தன.

ஒரு வேடிக்கை சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தான். கழுதைகளுக்குக் கடைசியில் யோகம் வந்துவிட்டது என்று ஆரம்பித்தான்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"ஏங்க!"

மழைக்கு நடுவில், தெருமுனையில்.

"ஏங்க, கூப்புடாம வரக்கூடாதுன்னா எப்பிடி? கொட கொண்டாந்துருக்கேன்!"

கத்தி, வராதே என்று சொல்லலாம். கத்தினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் வருவாள். வந்தால் பார்ப்பாள். பார்த்தால்... அவன் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். பிச்சை எறியட்டும். நாய் கடிக்கட்டும். கூரையே விழுந்தாலும் விழட்டும். அவள் கையால் மட்டும் வேண்டாம். முடிந்த பிறகு அவளுக்குத் தெளியும். 'நான் என்ன செஞ்சேன்' என்று கேட்பாள். செம்பு வழுக்கிருச்சுட்டி என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆண்டவரே, அவ திரும்பிப் போகட்டும். என்னய இங்க இல்லன்னு நெனைக்கட்டும்.

செருப்புச் சத்தம் வாசலில் நின்றது.

"ஷட்டருக்கு என்னாச்சு? உள்ளயா இருக்கீக?"

அவன் மூச்சை நிறுத்தினான். நகங்களும் நின்றன.

குடை மடங்குகிற ஓசை. ஈரச் சேலைக்கரை. இரண்டு பாதங்கள், அவனுக்குத் தெரிந்த பாதங்கள், இடைவெளிக்கு வெளியே. பக்கத்தில் நாயின் கால்கள். அதற்குப் பக்கத்தில் பிச்சை முகம்மதுவின் ரப்பர் செருப்பு. அதற்கும் பக்கத்தில் வேறு கால்கள். செருப்புப் போட்டவை, போடாதவை, ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய கால்கள். இடைவெளி முழுக்கக் கால்கள். ஒன்றும் அசையவில்லை.

போ பாக்கியம். போயிரு.

ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது. உள்ளங்கை ஊன்றியது. ஈரத்தரையில் கன்னத்தைச் சாய்த்து, ஞானபாக்கியம் உள்ளே பார்த்தாள். கண் இருட்டுக்குள் அங்கே இங்கே அலைந்தது. டிரம். மேசை. சுவர்.

நின்றது.

அவளுக்குப் பக்கத்தில் பிச்சை முகம்மதுவின் முகம் தரைக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முகம். இன்னொன்று. இன்னொன்று. மழை சொட்டச் சொட்ட, வரிசையாகச் சாய்ந்த முகங்கள். இமைக்காத கண்கள். எல்லோருடைய கையிலும் ஏதோ இருந்தது.

"ஏங்க," என்றாள் ஞானபாக்கியம், காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பத்துப் போடும்போது பேசுகிற அதே குரலில். "செத்த நேரம் அசையாம இருங்க."